ஆலைச் சங்கும் பீடிச் சொளகும்: தாமிரபரணிக் கரையின் உழைக்கும் தாய்மார்

ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்து நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவும் வரை, தாமிரபரணிக் கரையின் ஏழைப் பெண்களுக்கு உழைக்கும் இடமும் பிள்ளை வளர்க்கும் இடமும் பெரும்பாலும் பிரியாமலே இருந்தன. நடவுக்குப் போனவள் வரப்போர மரத்தில் தொட்டில் கட்டினாள், நூல் நூற்றவள் இராட்டையை நிறுத்திவிட்டுப் பால் கொடுத்தாள். வறுமை அன்றும் கொடியதே. ஆனால் வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் ஊருக்கு அறிவித்த ஆலைச் சங்கு, தாய்ப்பாலுக்கும் நேரம் குறித்தது.

சட்டம் இந்தத் தாயைக் காண நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலைநாளை 11 மணி நேரத்துக்குள் அடக்கியது. பிள்ளையைப் பற்றி அது கவலைப்படவில்லை. பேற்றுக்கு முன்னும் பின்னும் 6 வாரம் வீதம் ஓய்வு வேண்டும் என்று 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வகுத்திருந்தும், சென்னை மாகாணம் பேறுகால உதவிச் சட்டம் இயற்ற 1934 வரை ஆயிற்று. குழந்தைக் காப்பறை, அதாவது 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலை நேரத்தில் பேணும் அறை, 50க்கு மேற்பட்ட பெண்கள் உள்ள ஆலைகளில் கட்டாயமானது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தால்தான். அதற்குள் பெண்களுக்கான இரவுவேலைத் தடையும் பேறுகாலச் செலவும் காரணமாகக் காட்டப்பட, இந்தியப் பருத்தி ஆலைகளில் பெண்களின் பங்கு சுருங்கத் தொடங்கியிருந்தது. தாயைக் காக்க எழுந்த சட்டமே அவளை வேண்டாதவளாக்கும் சாக்காகவும் பயன்பட்டது என்பது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பரவிய பீடித் தொழிலுக்குச் சுவரே தேவைப்படவில்லை. பீடிக்கடையில், அதாவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரரின் கடையில், இலையும் தூளும் வாங்கிவந்து, சொளகை மடியில் வைத்துச் சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற பெண்ணுக்குப் பிள்ளை அருகிலேயே இருந்தது; ஆனால் அவள் மடியில் சொளகு இருந்தது, பிள்ளை புகையிலைத் தூளின் நடுவே தவழ்ந்தது, சற்று வளர்ந்த மகள் முனை மடக்கவும் நூல் கட்டவும் அமர்ந்தாள். வீட்டில் சுற்றுபவளும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்று, 1961ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டத்தின் பயனை அவளுக்கும் நீட்டியது. எனினும் பேற்றுக்கு முந்திய 12 மாதங்களில் 160 நாள் உழைத்திருக்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அது 80 நாளாகக் குறைந்தது. உழைத்த நாளுக்கு அவளிடமிருந்த சான்று, கொடுத்த இலையையும் வாங்கிய பீடியையும் குறிக்கும் பாஸ்புத்தகம். அதில் பதிவு செய்தவரோ கடைக்காரர். பிறர் பெயரிலான புத்தகத்தில் சுற்றிக் கொடுத்த பெண்களுக்கு அந்தச் சான்றும் இல்லை.