அழிந்தது அட்டவணை மட்டுமே

2025 ஜூன் 1 அன்று தில்லி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலோரம் வாழ்ந்த அத்தமிழரின் பேச்சை அதற்கு முன்பே பதிவு செய்திருந்தேன். இரு இயங்குதளங்கள் கொண்ட என் மடிக்கணினியில் விண்டோசை மறுபடி நிறுவுகையில், பதிவுகள் இருந்த லினக்ஸ் பகிர்வை நானே நீக்கிவிட்டேன்.

1983இல் வந்த பிசி டாஸ் 2.0, வன்தட்டின் முதல் 512 பைட்டுக்குள் 64 பைட்டு அட்டவணை ஒன்றை வைத்தது. பகிர்வு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்னும் குறிப்புகளே அதில் உண்டு, நகல் இல்லை. பின்வந்த ஜிபிடி முறை தட்டின் இறுதியிலும் ஒரு நகலை வைத்தது. எனினும் பகிர்வை நாமே நீக்கினால் இரண்டுமே திருத்தப்படும் (இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்). கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் அட்டவணையை நம்புவதில்லை. தட்டையே துழாவி, கோப்பு முறைமையின் அடையாளங்களிலிருந்து பகிர்வின் எல்லையைக் கண்டறிகிறது. நல்லவேளையாக, அவ்விடத்தில் வேறெதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. குரல்கள் மீண்டன. பேசியவர்களுள் சிலர் இன்று நரேலாவில் இருக்கின்றனர்.