கடல் தொழிலுக்கு ஒரு கல்விக்கூடம்: ராயபுரம் சிஃப்னெட்

சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் எழும்பிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் தின்றது. வலை உலர்த்திய மணலையும் குப்பத்து வீடுகளையும் பறிகொடுத்து, கருங்கல் கொட்டிய கரையில் காலம் தள்ளியவர்கள் நம் மீனவ மக்கள். அவர்களின் தொழிலுக்கென்றே படிப்பும் சான்றிதழும் தரும் நிறுவனம் ஒன்று இதே ராயபுரத்தில் இருக்கிறது. அதன் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

விடுதலைக்குப் பின் கட்டுமரங்களோடு விசைப்படகுகளும் கடலில் இறங்கின. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குக் கலம் செலுத்தவும் இன்ஜின் பராமரிக்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்பட்டார்கள். அதற்காக மத்திய அரசு 1963இல் கொச்சியில் ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. ராயபுரத்தில் உள்ள அதன் சென்னைப் பிரிவு 1968இலும், விசாகப்பட்டினப் பிரிவு 1981இலும் உருவாயின. மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம் என்ற நீண்ட பெயர் ஆங்கிலத்தில் சுருங்கி ‘சிஃப்னெட்’ ஆயிற்று.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இங்கே இரண்டு ஆண்டுப் படிப்புகள் இரண்டு உண்டு. ஒன்று கலம் செலுத்தும் ‘வெசல் நேவிகேட்டர்’. மற்றொன்று இன்ஜின் பழகும் ‘மெரைன் ஃபிட்டர்’. வகுப்பறைப் பாடத்தோடு பட்டறையிலும் பயிற்சிக் கப்பலிலும் கைவேலை நடக்கும். படித்து முடித்து, கப்பலில் உரிய காலம் வேலை பார்த்தவர்கள், வணிகக் கப்பல் துறையின் தகுதித் தேர்வுகளை எழுதி மீன்பிடிக் கலங்களின் மேட், ஸ்கிப்பர், இன்ஜினியர் என உயரலாம்.

கொண்டல் எப்போது வீசும், வாடை எப்போது திரும்பும், வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று குப்பத்துப் பிள்ளை அப்பாவிடமே கற்றுக்கொள்கிறான். அந்த அறிவு பெரிது. ஆனால் கப்பல் நிறுவனம் வேலைக்கு எடுக்கும்போது அதற்குச் சாட்சி சொல்ல ஒரு தாள்கூட அவன் கையில் இல்லை. அந்த அறிவோடு கடல் வரைபடம் வாசிக்கவும் ஆழம் அளக்கும் எதிரொலி மானி பார்க்கவும் தெரிந்து, சான்றிதழும் கையில் இருந்தால், அவனுக்கு மாதச் சம்பளமும் பதவியும் எட்டும் தூரத்துக்கு வருகின்றன. ‘படிப்பு வரலன்னா கடலுக்குப் போ’ என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கடலுக்குப் போகவும் படிக்க வேண்டும். படித்தவனுக்கும் கடலில் மதிப்புண்டு.

சேர்க்கை அகில இந்திய அளவில் நடக்கிறது. கொல்லம், காக்கிநாடா பிள்ளைகளோடு காசிமேட்டுப் பிள்ளையும் போட்டியிட வேண்டும். நுழைவதற்குக் கணக்கும் அறிவியலும் வேண்டும். நம் பள்ளிகள் கைகொடுக்க வேண்டிய இடம் அதுவே. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் அப்போது வீட்டில்தான் இருப்பார்கள். தலைமையாசிரியர்களும் மீனவர் சங்கங்களும் அந்த நாட்களில் வீடு வீடாகப் போய் இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தையும் உடனிருந்து நிரப்பித் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நம் குப்பங்களிலிருந்து சிலராவது அங்கே சேரட்டும்.