தோட்டத்துத் தெய்வங்கள்

‘மரம் வைத்தவன் தண்ணீர் வார்ப்பான்’ என்பது தமிழ்மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. தன்னை ஓரிடத்து நிறுத்திய இறைவன் ஆங்கே தன்னைக் காப்பான் என்னும் உறுதியே அதன் பொருள். அவ்வுறுதியைச் சோம்பலின் மறுபெயர் என இகழ்வாரும் உளர். இலங்கை மலைநாட்டுத் தோட்டமக்களின் வரலாற்றைக் கற்றார் அவ்விகழ்ச்சியை எளிதில் ஏற்கமாட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழைமக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். வன்னிக்காட்டின் வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டன. அந்நெடுவழி மலையேறும் வாயிலாகிய மாத்தளையில் முத்துமாரியம்மனுக்குக் கோயில் எழுந்தமை வியப்பன்று. மழைக்கும் நோய்க்கும் உரியவளல்லளோ மாரி!

கோப்பி பருவப்பயிர். காய் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். 1869இல் கோப்பிச்செடியை இலைநோய் பற்றியது. அதற்கு ஈராண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை, நாளடைவில் ஹட்டன், நுவரெலியா மலைகளையெல்லாம் மூடியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகவே குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்க நேர்ந்தது. மக்கள் தங்கவே தெய்வங்களும் தங்கின. மரத்தடியில் ஒரு கல், அதன் அருகே ஒரு சூலம். பல தோட்டங்களிற் கோயிலின் தொடக்கம் இவ்வளவே.

ஊரிலிருந்து உடன்கொணர்ந்த மாரியும் முனியாண்டியும் ஒருபுறமிருக்க, மலையிலேயே தோன்றிய தெய்வங்கள் தனியே ஆராயத்தக்கன. செடியை வெட்டிக் கவ்வாத்துச் செய்யுங்காற் கவ்வாத்துச்சாமியை வணங்கினர். தொழிற்சாலையிற் சுழலும் ரோதைக்கு ரோதைமுனி காவலானார். கொழுந்துக்கும் ஒரு சாமி உண்டு. தாய்நாட்டுக் கிராமத்தில் இத்தெய்வங்களுக்கு வேலையில்லை. பிறந்த ஊரை எண்ணி ஏங்குவோர் மட்டுமாயின், கத்தியிலும் இயந்திரத்திலும் கடவுளைக் கண்டிரார். தமக்கு வாய்த்த நிலமும் தொழிலும் இறைவன் அறிய வாய்த்தவை என்று கொண்டமையாலேயே இவை பிறந்தன எனக் கருத இடமுண்டு.

இந்நம்பிக்கையைத் தம் நலத்துக்குப் பயன்படுத்தியோரும் இருந்தனர். திருவிழாவில் முதன்மரியாதை பெற்ற பெரிய கங்காணியே கடன்கணக்கையும் வைத்திருந்தார். ஆயினும் தெய்வத்தை நம்பியவர் கூலிக்காகப் போராடத் தயங்கினாரல்லர். 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோதும், 1940இல் முல்லோயாவிற் கோவிந்தன் சுடப்பட்டு வீழ்ந்தபோதும், போராடினோர் மாரிக்கு விளக்கேற்றிய மக்களே. மரத்தை வைத்தவன் நீர் வார்ப்பான் என்றிருந்தோர் தம் கையிற் குடத்தையும் எடுத்தனர்.

பெருஞ்சோதனை 1948இல் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாய் என்பதற்குப் பத்திரம் எங்கே என்று அதிகாரிகள் வினவினர். மரத்தடிக் கல்லும் துருவேறிய சூலமும் சட்டத்தின்முன் பத்திரமாகா.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டோரை எவரும் கேட்டிலர். ஒரே லயத்துக் குடும்பங்கள் இரு நாட்டினவாயின. சென்றோருட் பலர் நீலகிரியில், அவர்களுக்கென 1968 முதல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் கொழுந்துக்கூடையைச் சுமந்தனர். அங்கும் மாரிக்குக் கோயில் எழுந்தது.

நின்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உரிமை வழங்கிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதற்கு உரியராயினர். தம்மைக் கூறுபோட்ட அதே நாளே தம் இருப்புக்கு எல்லைக்கல்லானதை முதியோர் பலர் காண இருந்தாரல்லர்.