கொல்கத்தாவில் இளநிலை மாணவரின் வெளிநாட்டுக் கல்வி

இளநிலை மாணவர்களை வெளிநாட்டில் படிக்கவைக்கும் முயற்சிகள் இந்தியாவில் முதலில் வேரூன்றிய நகரங்களுள் கொல்கத்தா ஒன்று. யார் செல்வது, எதைப் படிப்பது என்பவற்றைத் தொடக்கத்தில் அறக்கட்டளைகளும் சங்கங்களும் முடிவுசெய்தன. அயல்நாட்டில் படித்ததை உள்நாட்டுப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் முறை பிற்காலத்தது.

கில்கிறிஸ்ட் உதவித்தொகை: கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இந்துஸ்தானி கற்பித்த ஜான் கில்கிறிஸ்டின் சொத்திலிருந்து உருவான அறக்கட்டளை, 1868 முதல் இந்திய மாணவர்களைப் பிரிட்டனுக்கு அனுப்பியது. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தரத்தில் போட்டித் தேர்வு நடந்தது. பல மொழிகளில் தேர்ச்சி தேவைப்பட்டது. கல்கத்தாவில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த பிரபுல்ல சந்திர ராய் 1882-இல் வென்று எடின்பரோ சென்றார். 1885-இல் பி.எஸ்சி., 1887-இல் டி.எஸ்சி. பட்டங்களை அங்கேயே பெற்றார்.

சுதேசிக் காலம்: இந்தியரின் அறிவியல், தொழிற்கல்வி வளர்ச்சிக்கான சங்கத்தை 1904-இல் ஜோகேந்திர சந்திர கோஷ் கல்கத்தாவில் நிறுவினார். நன்கொடை திரட்டி ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவுக்கு மாணவர்களை அனுப்பியது இச்சங்கம். நாட்டுத் தொழில்களுக்கு உதவும் படிப்புகளே அதன் நோக்கம். 1906-இல் ரவீந்திரநாத் தாகூர் தம் மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை படிக்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1909-இல் அவர் பட்டதாரியாகத் திரும்பினார்.

இன்றைய நடைமுறை: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்க, முதலில் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எந்தப் பாடம் எதற்கு ஈடு, எத்தனை மதிப்பலகு, மதிப்பெண்ணை எப்படி மாற்றுவது என்பவற்றைத் துறை ஆசிரியர்கள் வகுக்க, பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக்குழு போன்ற அமைப்புகள் அடுத்தடுத்து ஆராய்ந்து ஒப்புகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் மூன்று வகைகளை அனுமதிக்கின்றன. இரட்டையிணைப்புப் படிப்பில் வெளிநாட்டில் பெறும் மதிப்பலகு 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பட்டத்தை இந்திய நிறுவனம் வழங்கும். கூட்டுப் பட்டத்துக்கு இரு நிறுவனங்களிலும் தலா 30 விழுக்காடேனும் படித்திருக்க வேண்டும், சான்றிதழ் ஒன்றே. இருபட்டப் படிப்பில் இரு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் தரும். இந்திய நிறுவனத்தில் 30 விழுக்காடேனும் பெற வேண்டும். தேசிய மதிப்பீடு, தரச்சான்றுக் குழுவின் (நாக்) மதிப்பீட்டில் 3.01 புள்ளியேனும் பெற்றவை, தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100 இடங்களில் உள்ளவை, உயர்சிறப்பு நிறுவனங்கள் ஆகியவை, உலகத் தரவரிசையில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களோடு இணைய மானியக் குழுவின் தனி அனுமதி தேவையில்லை. இணையவழி, தொலைநிலைப் படிப்புகளுக்கு இவ்விதிகள் பொருந்தா.