உடைந்த வெப்பமானி

திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் அவுரி ஊறவைத்த பழைய தொட்டிகள் இரண்டு கிடந்தன. சின்ன வயதில் அவற்றுள் இறங்கி ஒளிந்து விளையாடுவோம். "தழையை ஊறப்போட்டா நாத்தம் தெருக்கோடி வரைக்கும் வரும்டா" என்பாள் ஆயா. அவளும் பார்த்ததில்லை, அவள் மாமனார் சொன்னது. தொட்டிகள் ஏன் காய்ந்தன என்பது கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1865இல் அவுரி தரும் நீலச் சாயத்தில் கைவைத்தார். அதை ஆய்வகத்தில் உண்டாக்க 1880 ஆயிற்று. மூலக்கூறின் அமைப்பைச் சொல்ல 1883. ஆனால் அவர் வழியில் செய்தால் செலவு கட்டுப்படியாகவில்லை. செடியின் நீலமே மலிவு.

வேதியியலாளர் கார்ல் ஹாய்மான் 1890இல் வேறு வழி காட்டினார். அதற்கு நாஃப்தலீன், அதாவது நம் பீரோ அந்துருண்டை, தாலிக் அன்ஹைட்ரைடாக மாறவேண்டும். கந்தக அமிலத்தில் காய்ச்சினால் வினை ஆமையாக நகர்ந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் சாய ஆலையில் ஒருநாள் வெப்பமானி உடைந்து பாதரசம் உள்ளே கொட்டியதாம். வினை விறுவிறுவென ஓடியது. பாதரசமே ஊக்கி! பேயரைவிட அந்தக் கண்ணாடிக் குழாய்தான் எனக்குப் பிடிக்கும். நான் உடைத்த வெப்பமானிக்கு அபராதம்தான் மிச்சம்.

1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. பேயருக்கு 1905இல் நோபல் பரிசு. எங்கள் ஊர் அவுரிக் கொல்லைகளுக்கு வேர்க்கடலை. 1914இல் போர் மூண்டு ஜெர்மன் சாயம் நின்றதும் செடிக்குச் சில வருஷம் மறுபடி விலை இருந்தது.

ஒரு தொட்டி இடிந்துவிட்டது. இன்னொன்றில் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன.