மலையடிவாரத்துக் குடியமைப்பு: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சிற்றூர்கள்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கேட்டின் கிராமப் பட்டியலில் வீடுகள், ஆண், பெண், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தோர், உழைப்போர் என எண்கள் கிடைக்கும். வீட்டில் பேசும் மொழி அதில் இராது. ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் புழங்குவதை ஏட்டை மட்டும் பார்ப்பவர் அறிய வழியில்லை. சாதிவாரிப் பட்டியல்கள் விரிவாக வெளிவந்ததும் 1931 கணக்கெடுப்போடு நின்றுபோயிற்று. இக்குடியமைப்பை விளங்கிக்கொள்ள நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி ஓடைகள், கண்மாய்கள், நெல் வயல்கள். கிழக்கே போகப் போக மானாவாரிக் கரிசல். நாயக்கர் காலப் பாளையங்களும் ஏறத்தாழ இந்தப் போக்கிலேயே பிரிந்து நின்றன. சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய அடிவாரப் பாளையங்கள் மறவர்களுடையவை. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி போன்ற கரிசல் பாளையங்களை ஆண்டவர்கள் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்கள். ரெட்டியார், கம்மவார், அருந்ததியர் எனப் பிற தெலுங்குக் குடிகளும் கரிசலூர்களில் நிலைகொண்டன. இக்குடியேற்றத்துக்குப் படையெடுப்புகளை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. நீர்ப்பாய்ச்சல் உள்ள நிலத்துக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இடம் தந்தது ஆள் குறைந்த கரிசல்தான். அங்கே பருத்தியும் கம்பும் சோளமும் அவர்கள் கைக்கு வந்தன.

இந்தக் கோட்டுக்குள் அடங்காதவர்கள் இராஜுக்கள். விஜயநகரப் பேரரசோடு தெற்கே வந்ததாகச் சொல்லும் மரபுடைய இவர்கள் மலையடிவாரத்திலேயே ஊர் அமைத்துக்கொண்டார்கள். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாக்கோட்டை, சக்கராஜாக்கோட்டை என்று தனித்தனிக் குடியிருப்புகள் எழுந்தன. கூடிப் பேசவும் பொதுக் காரியம் நடத்தவும் சாவடிகள் உண்டு. சிங்கராஜாக்கோட்டையின் பெரிய சாவடி இன்றும் பெயர் பெற்றது. வீட்டில் தெலுங்கு, எழுத்திலும் கடைவீதியிலும் தமிழ். சென்னை மாகாணத்தின் முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இச்சமூகத்தவர். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்லும் அதன்பின் வந்த ஆலைகளும் சுற்றூர்க் குடும்பங்களை நகருக்கு இழுத்தன. 2011இல் நகராட்சியின் மக்கள்தொகை 1,30,442.

மாவட்ட எல்லைகள் மாறியதும் ஆய்வாளருக்குப் பெரிய இடர். திருநெல்வேலியில் இருந்த இவ்வட்டாரம் 1910இல் இராமநாதபுரத்துக்கும், 1985இல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்துக்கும் போயிற்று. பழைய அட்டவணைகளை இன்றையவற்றோடு அப்படியே ஒப்பிட முடியாது.

ஆனால் கணக்கேடு மிகக் குறைவாகச் சொல்வது மலையின் பளியரைப் பற்றித்தான். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பகுதியிலும் வாழும் இவர்களுக்குத் தேனும் மலைக்கிழங்கும் கடுக்காயும் வாழ்வாதாரம். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டபோது அவர்கள் தேனெடுத்துவந்த காடு இன்னும் இறுக்கமான விதிகளுக்குள் வந்தது. கிராமப் பட்டியலிலோ அவர்கள் ‘பழங்குடியினர்’ என்னும் கட்டத்துக்குள் ஒரு சிறு எண். பளியர் என்ற பெயர்கூட அங்கே இல்லை.

2027 கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. தாய்மொழியையும் பழங்குடிப் பெயரையும் கிராம வாரியாகவே வெளியிட வேண்டும். மாவட்டக் கூட்டுத்தொகையில் செண்பகத்தோப்பு கண்ணில் படாது.