சப்பீனா வந்தால் சாட்சி என்ன செய்ய வேண்டும்?

குடியிருப்புப் பகுதியில் இரவில் நடந்த கைகலப்பைச் சன்னல் வழியாகப் பார்த்தவர், மறுநாள் போலீசிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டு அதை மறந்தே போகிறார். ஓராண்டு கழித்து வாசலுக்கு வரும் போலீஸ்காரர் சப்பீனாவை நீட்டுகிறார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ இரண்டு வீடு தள்ளி இருக்கும் குடும்பத்துப் பையன். "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று வீட்டில் எல்லாரும் சொல்ல, கடிதம் அலமாரிக்குள் போய்விடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சப்பீனா என்பது நீதிமன்ற ஆணை. குற்றவியல் வழக்கில் வராத சாட்சியைக் கைது செய்து கொண்டுவர நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கலாம். ஆணையை மதிக்காமல் இருந்தால் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை விதிக்க இடமுண்டு. அதைக் கையில் வாங்காமல் தலைமறைவாவதும் 172-ஆவது பிரிவின் கீழ் குற்றமே.

கடிதம் கிடைத்ததும் எந்த நீதிமன்றம், எந்த நாள், எத்தனை மணிக்கு, அழைத்தது யார், ஆவணம் ஏதும் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா வளாகத்தில் மாஜிஸ்திரேட், செஷன்ஸ், உயர் நீதிமன்றங்கள் ஒரே கட்டடத்தில் இருப்பதால், நீதிமன்ற அறை எண்ணையும் குறித்துக்கொள்வது நல்லது. சிவில் வழக்கென்றால், போய்த் தங்கித் திரும்புவதற்கான நியாயமான செலவை அழைத்த தரப்பு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சாட்சியைக் கட்டாயப்படுத்த முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த நாளில் அறுவை சிகிச்சையோ வெளிநாட்டுப் பயணமோ இருந்தால், புலனாய்வு அதிகாரியிடமோ அழைத்த வழக்கறிஞரிடமோ உடனே சொல்லிவிட வேண்டும். ஆனால், வர வேண்டாம் என்று விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. வேலைக்கு எடுக்கும் எம்சியை மட்டும் நம்பிவிட வேண்டாம். வழக்குக்குச் சம்பந்தமே இல்லாதவரைத் தொல்லை கொடுக்க அழைத்திருந்தால், வழக்கறிஞர் மூலம் சப்பீனாவை ரத்து செய்யக் கோரலாம். 'எனக்கு விருப்பமில்லை' என்பது அதற்குக் காரணமாகாது.

கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்தான் குழப்பம் அதிகம். போலீஸ் விசாரணையில், தன்மீதே குற்றச்சாட்டு வர வழிவகுக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சாட்சிக் கூண்டில் அந்தச் சலுகை இல்லை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு பதில் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. அதே பிரிவு, அப்படிக் கட்டாயத்தின்பேரில் சொன்ன பதிலை வைத்து அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று பாதுகாப்பும் தருகிறது. பொய் சாட்சி வழக்கு மட்டும் அதற்கு விதிவிலக்கு. கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதை வெளியிடும்படியும் பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது.

தயங்கும் சாட்சிகள் பலர் தேடும் வழி, "ஞாபகம் இல்லை". உண்மையிலேயே மறந்திருந்தால் அப்படிச் சொல்வதில் தவறில்லை. பழைய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். பக்கத்து வீட்டாருக்காகக் கதையை மாற்றினால் நிலைமை வேறு. போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை எடுத்துக்காட்டி, அவரது நம்பகத்தன்மையை அரசுத் தரப்பே கேள்விக்குள்ளாக்கலாம். நீதிமன்றத்தில் பொய் சாட்சி சொன்னால் 7 ஆண்டு வரை சிறை. யார் அழைத்தாலும் சாட்சி அவருடைய ஆள் இல்லை. இன்னதைச் சொல் என்று சொல்லிக்கொடுக்க எவருக்கும் உரிமை கிடையாது.

யாராவது மிரட்டினால் போலீஸ் புகார் செய்து, அரசுத் தரப்பு வழக்கறிஞரிடமும் தெரிவிக்க வேண்டும். கடுமையான ஆபத்து உள்ளவர்களுக்கு 2009-ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மலாய் மொழியில் தடுமாறுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பே சொல்லிவிடலாம். பாதி புரிந்த கேள்விக்குத் தலையாட்டுவது ஆபத்து. அன்று அடையாள அட்டையுடன் சென்று, பெயர் அழைக்கப்படும் வரை அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். முதலாளியிடம் காட்ட வருகைச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வழக்கு ஒத்திவைக்கப்பட்டு மீண்டும் வரும்படி நீதிபதி சொன்னால், புதிய கடிதத்துக்காகக் காத்திராமல் அந்தத் தேதியை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.